டிராப் ஹேண்டில்பாருக்கு டேப் சுற்றுவது எப்படி? – சைக்கிள் கேள்வி பதில்

ரோடு பைக் (சாலைப் பந்தய வகை சைக்கிள்) ஓட்டும் வாசகர்கள், அதன் கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பாரில் பிடிப்புக்காகச் சுற்றும் டேப் பற்றிப் பல கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: புது டேப் பெட்டியில் இரண்டு ரோல், இரண்டு சிறு துண்டுகள், இரண்டு முனை மூடிகள், இரண்டு ஒட்டும் பட்டைகள் இருக்கின்றன. சுற்றுவதை மேலிருந்து தொடங்க வேண்டுமா, கீழிருந்தா?
– கோவை வாசகர்

ப: கீழிருந்துதான். பாரின் திறந்த முனையில் தொடங்கி, பாரை நடுவில் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் பக்கம் முடியுங்கள். ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடுவதால் தண்ணீர் தடையில்லாமல் வழிகிறது அல்லவா, டேப்பும் அப்படித்தான். கீழிருந்து சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் கீழ்நோக்கி இருக்கும்; கை வளைவில் சறுக்கி இறங்கும்போது எதிலும் தட்டாது. மேலிருந்து சுற்றினால் விளிம்புகள் கைக்கு எதிராக நிற்கும். சில வாரங்களில் அவை சுருண்டு எழுந்துவிடும். டிராக் பந்தய சைக்கிள்களில் சிலர் மேலிருந்து தொடங்கி, கடைசி நுனியை முனை மூடிக்குள் திணித்து முடிப்பதுண்டு. வெகுதூரம் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ரோலைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். பழைய டேப்பை உரித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இரண்டு பிரேக் லிவரும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அவற்றின் மேல் ஒரு நீளமான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். லிவரைப் பாரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஷிமானோ நிறுவனத்தின் கியர் லிவர்களுக்கு இறுக்க வேண்டிய முறுக்கு விசை பொதுவாக 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். கார்பன் பாராக இருந்தால் பார் தயாரித்தவர் சொல்லும் அளவைத் தாண்டக்கூடாது. பிரேக், கியர் கேபிள்களின் வெளி உறை பழசாகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. டேப் சுற்றிய அடுத்த மாதம் கேபிள் மாற்ற நேர்ந்தால் அத்தனையையும் பிரிக்க வேண்டிவரும்.

பாரின் வெளிப்புறமாக ஓடும் கேபிள்களை இன்சுலேஷன் டேப்பால் மூன்று இடங்களில் இறுக்கிக் கட்டுங்கள்: லிவரை ஒட்டி ஒன்று, மேல் வளைவில் ஒன்று, டேப் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒன்று. கட்டாமல் விட்டால் டேப்புக்கு அடியில் கேபிள் நெளியும். பிடிக்கும்போது உள்ளங்கையில் முண்டாகத் தட்டும். பிறகு லிவரின் ரப்பர் உறையை முன்பக்கமாகச் சுருட்டி மேலேற்றி, பெட்டியில் உள்ள சிறு துண்டை கிளாம்பின் மேல், பாரின் பின்பக்கமாக ஒட்டுங்கள்.

முதல் சுற்றில் டேப்பின் அகலத்தில் பாதி பாரின் முனைக்கு வெளியே தொங்க வேண்டும். அந்தப் பாதியை உள்ளே மடித்து, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பொருத்துங்கள். மூடி தளர்வாக நுழைந்தால் மடிப்பில் துணி போதவில்லை என்று பொருள். அடித்தும் நுழைய மறுத்தால் மடிப்பு ஓரிடத்தில் குவிந்திருக்கும். வெளியே எடுத்து, குவிந்த இடத்தைக் கத்தரித்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள்.

கே: எந்தத் திசையில் சுற்றுவது? கடைக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.
– திருச்சி வாசகர்

ப: இரண்டு விதமாகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கை முறுக்கும் திசையும் டேப் சுற்றிய திசையும் ஒன்றாக இருந்தால் டேப் மேலும் இறுகும். எதிராக இருந்தால் தளரும். பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஓட்டும்போது கைகள் வெளிப்பக்கமாக முறுக்குகின்றன. மேல்பகுதியைப் பிடிக்கும்போது ஓட்டுகிறவரை நோக்கிப் பின்பக்கமாக முறுக்குகின்றன.

கீழ்ப்பகுதிக்கு ஏற்றபடி வேண்டுமானால், இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் நிலையில் வலப்பக்க முனையில் கடிகாரத் திசையிலும் இடப்பக்க முனையில் அதற்கு எதிர்த்திசையிலும் சுற்றுங்கள். அதே சுற்று தொடர்ந்து மேலே போனால், மேல்பகுதியில் டேப் முன்னோக்கிப் போவதாக அமைந்துவிடும். மேல்பகுதிக்கு ஏற்ப அமைய வேண்டுமானால் தொடக்கத்தையே தலைகீழாக்க வேண்டும். இரண்டுக்கும் ஏற்றபடி அமைய லிவரைச் சுற்றி எட்டு வடிவில் குறுக்கே போட்டுத் திசையை மாற்றுவார்கள். ஆனால் அங்கே டேப் இரட்டிப்பாகி, ரப்பர் உறை சரியாக உட்காராது. தடித்த டேப்பில் அதை முயல வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பந்தயத்துக்காகக் கீழ்ப்பகுதியை அடிக்கடி பிடிப்பவர் முதல் முறையில் சுற்றலாம். 200, 300 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்கும் நெடுந்தூர) ஓட்டங்களில் பெரும்பாலும் மேலேயே கை வைத்திருப்பவருக்கு இரண்டாவது முறை பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் வலமும் இடமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும்.

கே: சுற்றிப் பார்த்த இரண்டு தடவையும் ஸ்டெம் வரை வருவதற்குள் டேப் தீர்ந்துவிட்டது. நீளம் குறைவான டேப்பா?
– மதுரை வாசகர்

ப: பெரும்பாலும் டேப்பின் குறையாக இருக்காது, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று அதிகமாக ஏறியிருக்கும். ஒரு ரோல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 3 செ.மீ. அகலம். டிராப் பாரின் வெளி விட்டம் முனையில் 23.8 மி.மீ. என்பதால் டேப்பின் தடிமனையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 8 செ.மீ. செலவாகும். ஆக, கையில் இருப்பது சுமார் 25 சுற்று. மூன்றில் ஒரு பங்கு ஏற்றினால் ஒரு சுற்றுக்கு 2 செ.மீ. முன்னேறி, 25 சுற்றில் 50 செ.மீ. கிடைக்கும். இழுத்துச் சுற்றும்போது டேப் நீள்வதால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். பாதிக்குப் பாதி ஏற்றினால் 1.5 செ.மீ.தான் முன்னேறும், 37 செ.மீ.யிலேயே ரோல் காலியாகிவிடும்.

டேப்பின் இரு ஓரங்களும் பொதுவாக மெலிந்தும் நடு தடித்தும் இருக்கும். முந்தைய சுற்றின் மெலிந்த ஓரத்தை மட்டும் அடுத்த சுற்று மூடினால் போதும். மேற்பரப்பும் சமமாக வரும். மண், சரளைப் பாதைகளுக்கான கிராவல் சைக்கிள்களில் வரும் அகன்று விரிந்த பார்களுக்கு மட்டும் நீளமான ரோல் என்று கேட்டு வாங்குங்கள்.

கே: வளைவில் வெளிப்பக்கம் இடைவெளி தெரிகிறது. இறுக்கி இழுத்தால் டேப் கிழிகிறது.
– சேலம் வாசகர்

ப: வளைவின் வெளிப்பக்கம் நீளம் அதிகம், உட்பக்கம் குறைவு. ஆகவே அங்கே சுற்றுகள் வெளியே விரியும், உள்ளே நெருங்கும். வளைவுக்கு இரண்டு சுற்று முன்பிருந்தே ஏற்றத்தைக் கூட்டி, வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சுற்றுங்கள். அங்கே குறைந்தது 5 மி.மீ. ஏறியிருந்தால் நாளடைவில் டேப் சற்று நகர்ந்தாலும் பார் வெளியே தெரியாது. உட்பக்கம் எவ்வளவு நெருங்கினாலும் பரவாயில்லை.

கிழிவது இழுப்பினால் மட்டுமல்ல, திடீர் வெட்டிழுப்பினால். கார்க் கலந்த டேப் மிருதுவாக இருக்கும், ஆனால் எளிதில் கிழியும். பாலியூரித்தேன் டேப் இழுப்பைத் தாங்கும். ரோல் முழுவதையும் கையில் பிடித்துச் சுற்றாமல், பாருக்கு ஒரு சாண் தூரத்தில் டேப்பைப் பிடித்து, ஒரே அளவு இழுப்பை முதல் சுற்றிலிருந்து கடைசி வரை வைத்திருங்கள். சுற்றி முடித்த இடத்தைக் கையால் பிடித்து முறுக்கினால் அசையக்கூடாது. அசைந்தால் அந்த இடம் வரை பிரித்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். பின்புறப் பசை மெல்லியதாக இருக்கும் டேப்களை இரண்டு மூன்று முறை பிரித்துச் சுற்றலாம்.

லிவர் இருக்கும் இடத்தைப் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். லிவரின் அடி வரை சுற்றி, அங்கிருந்து டேப்பைப் பாரின் பின்பக்கமாகச் சாய்வாக மேலேற்றி, கிளாம்புக்கு மேலே அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். முன்பே ஒட்டிய சிறு துண்டு அந்த இடைவெளியை மூடிக்கொள்ளும். மேலே போவதற்கு முன் ரப்பர் உறையை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். உலோகம் தெரிந்தால் இரண்டு சுற்றைப் பிரித்து நெருக்கமாகப் போட வேண்டும். உறையின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே டேப் அதிகமாக நுழைந்திருக்கிறது.

கே: ஸ்டெம் பக்கம் ஒட்டும் பட்டை வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடுகிறது.
– வேலூர் வாசகர்

ப: பெட்டியோடு வரும் பட்டையை நம்பாதீர்கள், நல்ல இன்சுலேஷன் டேப் அதைவிட மேல். கழல்வதற்கு வெயில் ஒரு காரணம், நீட்டி ஒட்டியது இன்னொரு காரணம். நீட்டிய பி.வி.சி. டேப் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும், சூடு பசையை இளக்கும், நுனி தானாகப் பின்வாங்கும். முதல் இரண்டு சுற்றை இழுத்தும், கடைசிச் சுற்றை இழுக்காமலும் ஒட்டுங்கள். நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிய்த்தால் அந்த இடம் நீண்டுவிடும். நுனி பாரின் அடிப்பக்கம் வரட்டும்.

பார் டேப்பைச் சாய்வாக வெட்டாமல் அதன்மேல் ஒட்டினாலும் புடைத்துக்கொண்டு கழலும். முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு, பாருக்குச் செங்குத்தாக டேப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். பிரித்தால் கோடு சாய்வாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் கத்தரித்துத் திரும்பச் சுற்றினால் விளிம்பு நேராக உட்காரும். பார் மேல் வைத்தே பிளேடால் அறுக்காதீர்கள். அலுமினியத்தில் விழும் கீறலில் விரிசல் தொடங்கலாம். கார்பனில் இழையே அறுபடும்.

விளக்கு, சைக்கிள் கணினி மாட்டுவதற்கு ஸ்டெம் அருகே இடம் விட்டே முடியுங்கள். பார் 31.8 மி.மீ. தடிமனாகப் பருக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவது பார்வைக்கும் சரியாக இருக்கும்.

கே: பழைய டேப்பைக் கழற்றியபோது அலுமினியப் பாரில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. துடைத்துவிட்டுப் புது டேப் போடலாமா?
– சென்னை வாசகர்

ப: துடைத்த பிறகு விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் போடலாம். நகம் குழிகளில் சிக்கினால் அந்தப் பாரை மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வியர்வையின் உப்பு டேப்புக்குள் இறங்கி அலுமினியத்தை அரிக்கிறது. கடற்கரைக் காற்றும் அதற்குத் துணை. அரிப்பு பெரும்பாலும் லிவர் கிளாம்பின் அடியில்தான் ஆழமாக இருக்கும், அங்கேதான் உடலின் பாரமும் விழுகிறது. அங்கே முறிந்தால் முன்னறிவிப்பு இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களும், வீட்டுக்குள் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி ஓட்டுகிறவர்களும் டேப் நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். டிரெய்னரில் எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை உலராமல் நேராகப் பார் மேலேயே சொட்டுகிறது.

கே: நீண்ட தூரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. இரண்டு டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றலாமா?
– ஈரோடு வாசகர்

ப: சுற்றலாம், ஆனால் அது இரண்டாவது வழி. அந்த இரண்டு விரல்களுக்கும் போகும் அல்நார் நரம்பு உள்ளங்கையின் ஓரத்தில் அழுந்துவதால்தான் மரக்கிறது. இருக்கையின் மூக்கு கீழே சரிந்திருந்தாலோ, பார் எட்டாத தூரத்தில் இருந்தாலோ எவ்வளவு தடித்த டேப்பும் உதவாது. அவற்றைச் சரிசெய்து, டயர் காற்றையும் சற்றுக் குறைத்துப் பார்த்த பிறகு 3 முதல் 3.5 மி.மீ. டேப் போடுங்கள். சிறிய கையுள்ளவர்களுக்கு இரட்டை டேப் பிடிக்கும் அளவைத் தாண்டிவிடும். லிவர் விரலுக்கு எட்டாமல் போகும். அவர்கள் மேல்பகுதியில் மட்டும் ஜெல் பட்டையை அடியில் ஒட்டி, மேலே ஒற்றை டேப் சுற்றலாம். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் விரல் மரத்திருப்பது நாள்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: முனை மூடி ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. அவசரமாக மாற்ற வேண்டுமா?
– நாகர்கோவில் வாசகர்

ப: அடுத்த முறை ஓட்டுவதற்கு முன்பே. திறந்த குழாய் முனை, விழும்போது தொடையிலோ வயிற்றிலோ வட்டமாக வெட்டி இறங்கும். புது மூடி கிடைக்கும் வரை, பாட்டில் கார்க் ஒன்றைப் பாரின் உள்விட்டத்துக்குச் சீவி, டேப் மடிப்போடு சேர்த்து இறுக்கமாக அடித்துவையுங்கள். வாங்கும்போது திருகாணியால் உள்ளே விரியும் வகை மூடியாகக் கேளுங்கள்; குண்டும் குழியுமான சாலையிலும் அது கழலாது.