‘ஸ்கீயிங் உண்டு’ என்று பேக்கேஜில் போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். வரும் பிப்ரவரியில் மனைவி, 11 வயது மகளுடன் காஷ்மீரின் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்க ஆசை. ஒரு டிராவல் ஏஜென்ட் 5 நாள் பேக்கேஜ் தருகிறார். ‘கோண்டோலா (மலைமேல் போகும் கேபிள் கார்), ஸ்கீயிங் உண்டு’ என்று அதில் இருக்கிறது. முழுப் பணத்தையும் இப்போதே கட்ட வேண்டுமாம். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாதாம். ஆன்லைனில் ஸ்கீ செட் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை, பூட்ஸ்) விற்கிறார்கள். அதையும் வாங்கிவிடலாமா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லது. அந்த ‘ஸ்கீயிங் உண்டு’ என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சுற்றுலா பேக்கேஜ்களில் பல நேரம் இதற்குப் பொருள், ஒரு மதியம் ஸ்கீயை மாட்டிவிட்டு, கூட ஒருவர் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் இறக்கிவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது. உங்களுக்கு வேண்டியது பயிற்சி. விழாமல் நிற்கவும், ஸ்கீயின் முன்முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை விரித்து வேகத்தை அடக்கவும், நினைத்த பக்கம் திரும்பவும் பழக எப்படியும் மூன்று நாளாவது ஆகும்.

ஆகவே ஏஜென்டிடம் கேளுங்கள்: எத்தனை நாள் பயிற்சி, நாளுக்கு எத்தனை மணி நேரம், ஒரு பயிற்சியாளரிடம் எத்தனை பேர், ஸ்கீ வாடகை இதில் அடக்கமா, குழந்தையின் கால் அளவுக்குப் பூட்ஸ் கிடைக்குமா? பதிலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கோண்டோலாவைக் காட்டி விலையை ஏற்றுவார்கள், கவனம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா உச்சியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். புதியவர்கள் பழகுவது அங்கே கீழேயே இருக்கும் சாய்வு குறைந்த சரிவுகளில். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையில் 4,000 மீட்டரை நெருங்கிப் போய் இறக்கிவிடும். மேலே இருந்து சறுக்கி வருவது தேர்ந்தவர்களின் வேலை. 2024 பிப்ரவரியில் அந்தப் பக்கம் பனிச்சரிவில் சிக்கி ஒரு வெளிநாட்டுச் சறுக்கு வீரர் உயிரிழந்தார். நீங்கள் காட்சி பார்க்கப் போய் வாருங்கள், போதும். டிக்கெட்டை ஜம்மு-காஷ்மீர் கேபிள் கார் கழகத்தின் தளத்திலேயே உங்கள் பெயரில், அடையாள அட்டை விவரத்துடன் எடுக்கலாம். பலமாகக் காற்று வீசினால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அன்று பணம் யார் மூலம் திரும்பும் என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஐந்து நாள் போதாது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு நாள் போய்விடும்; மீதி மூன்றில் வானிலையால் ஒரு நாள் வீணானாலும் பயிற்சி முடியாது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ.தான். ஆனால் பனி கொட்டினால் வழியில் இருக்கும் டாங்மார்க்கில் வண்டி மாறவோ, சக்கரத்துக்குச் சங்கிலி போடவோ வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வரட்டும். திரும்பும்போது ஸ்ரீநகர் விமானத்தையும் டெல்லியிலிருந்து கோவை விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாக ஒரே நாளில் போடாதீர்கள். பனியால் முதல் விமானம் ரத்தானால் அந்த நிறுவனம் அதன் டிக்கெட்டுக்குப் பணத்தையோ மாற்று விமானத்தையோ தரும்; தவறவிட்ட இரண்டாவது டிக்கெட்டுக்கு அது பொறுப்பேற்காது.

முழு முன்பணத்துக்குச் சம்மதிக்காதீர்கள். பனி நம் சொல் கேட்காது. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஒரு பகுதியை முன்பணமாகத் தந்து, பனி இல்லாவிட்டாலோ வழி மூடப்பட்டாலோ தேதியை மாற்றித் தர வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கீ செட் வாங்கவே வாங்காதீர்கள். மகளுக்கு அடுத்த வருஷம் அந்த பூட்ஸ் பத்தாது. அங்கேயே வாடகைக்கு எடுங்கள், ஆனால் நிதானமாக. பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அது பெரிய சைஸ். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடுவது நம்மவர்கள் வழக்கம். ரத்த ஓட்டம் நெருக்கப்பட்டுக் கால் இன்னும் விறைக்கும். முழங்கால் வரை வரும் ஒரே சாக்ஸ் போதும்.

முக்கியமாக, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கைப் பாருங்கள். விழும்போது பூட்ஸை ஸ்கீயிலிருந்து விடுவிப்பது அதுதான். அதன் ஸ்பிரிங்கை உங்கள் எடை, உயரம், பூட்ஸ் நீளம், திறமை பார்த்துத் திருகி வைக்க வேண்டும். நான் முதல் முறை போனபோது கடைக்காரர் என் எடையைக்கூடக் கேட்கவில்லை. விழுந்தேன், பைண்டிங் விடவில்லை, முழங்கால் முறுக்கிக்கொண்டு மீதி நாட்கள் அறையில் போயின. எடை கேட்காத கடையில் மகளுக்கு எடுக்காதீர்கள். ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாக வாங்க வேண்டியது நீர் புகாத கையுறை, கண்ணை மறைக்கும் சறுக்குக் கண்ணாடி, தெர்மல் உள்ளாடை. கம்பளிக் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், ஜீன்ஸும் அப்படித்தான். காப்பீடு எடுத்தால் பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கும் பாலிசிகள் நிறைய. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: போன ஜனவரியில் மூன்று நாள் ஸ்கீ பயிற்சிக்குப் பணம் கட்டினோம். ஒரு மணி நேரத்தோடு முடித்துவிட்டார்கள். சென்னை ஏஜென்ட் ‘பனி இல்லை, நான் என்ன செய்ய’ என்கிறார். நான் இருப்பது மதுரை. எங்கே புகார் செய்வது?

பதில்: பனி இல்லாதது அவர் குற்றமில்லை. நடத்தாத வகுப்புக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல ஏஜென்டுகள் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், பணம் போன விவரம், ‘மூன்று நாள் பயிற்சி’ என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி, மூன்றையும் இன்றைக்கே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.