மழையும் கிருபையும்

அன்புள்ள ஐயா,

நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். அமெரிக்காவின் கிறிஸ்தவ சீர்திருத்தச் சபை 1924இல் ‘பொதுக் கிருபை’ தகராறில் உடைந்தது என்று வாசித்தேன். அவிசுவாசியின் வயலில் பெய்யும் மழை கிருபையா இல்லையா என்பதற்காகப் போதகர்களை வெளியே அனுப்பினார்களாம். இது அற்பமான சண்டையாகத் தெரியவில்லையா? நீங்கள் எந்தப் பக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு அப்படித் தெரியவில்லை. மிச்சிகனில் குடியேறிய டச்சுக்காரர்கள் 1857இல் தொடங்கிய சபை அது. முதல் உலகப் போருக்குப் பின் ஆராதனை டச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. விசுவாசம் இல்லாத அண்டைவீட்டுக்காரனிடம் காணும் நல்லதை எங்கிருந்து வந்ததென்று சொல்வது? அவர்களுக்கு அது அன்றாடக் கேள்வி. நெதர்லாந்தின் பிரதமராகவும் இருந்த இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் இதற்கு மூன்று பெரிய தொகுதிகளில் விடை எழுதியிருந்தார். இரட்சிக்கும் கிருபை தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு, அதாவது தேவன் முன்பே தேர்ந்தெடுத்தவர்களுக்கு, மட்டுமே. ஆனால் பாவத்தை அடக்கி, கலையும் அறிவியலும் அரசும் தழைக்க வைக்கிற கிருபை எல்லோருக்கும் உண்டு என்றார்.

மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஈஸ்டர்ன் அவென்யூ சபையின் போதகர் ஹெர்மன் ஹூக்ஸெமா இதை ஏற்கவில்லை. அதே மாநிலத்தின் கலமசூவில் போதகராயிருந்த ஹென்றி டான்ஹாஃபும் அவரோடு நின்றார். அவர்கள் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மழையும் வெயிலும் வெறும் பொருட்கள். கிருபை கொடுப்பவரின் மனதில் இருக்கிறது. தாம் நித்தியமாகத் தள்ளிவிடத் தீர்மானித்த ஒருவனிடம் தேவன் அவன் உயிரோடிருக்கும் வரை மட்டும் தயவாயிருக்கிறார் என்றால், அவர் மனம் மாறுகிறவரா? 73ஆம் சங்கீதத்தில் துன்மார்க்கன் கொழுத்து வாழ்வதைக் கண்டு ஆசாப் பொறாமைப்படுகிறான். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகுதான் அந்தத் துன்மார்க்கன் நிற்பது சறுக்கலான இடம் என்று தெரிகிறது. அந்தச் செழிப்பைத் தயவு என்று எப்படிச் சொல்வது?

1924இல் கலமசூவில் கூடிய சினாட் எனப்படும் சபையின் தலைமை மன்றம் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றியது: தேவன் எல்லா மனிதரிடமும் ஒரு தயவு காட்டுகிறார், மனிதரிலும் சமுதாயத்திலும் பாவத்தைக் கட்டுக்குள் வைக்கிறார், மறுபடியும் பிறவாதவர்களாலும், அதாவது விசுவாசத்தால் புதுவாழ்வு பெறாதவர்களாலும், சமுதாய வாழ்வில் நன்மை செய்ய முடிகிறது. கோட்பாட்டில் நான் சினாட் பக்கம். மத்தேயு 5இல் அந்த மழை எங்கே வருகிறது என்று பாருங்கள். ‘உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்’ என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்மாதிரியாகத்தான் நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் பிதா பெய்யப்பண்ணுகிற மழையை இயேசு காட்டுகிறார். அந்த மழையில் தயவே இல்லையென்றால் பகைவனை நேசிக்க நான் யாரைப் பார்த்துக் கற்பது? ஹூக்ஸெமாவின் தர்க்கம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இந்த இடத்தில் எனக்கு அது போதவில்லை.

ஆனால் அவர்களுக்கு நடந்தது அநியாயம். இருவரும் அடிப்படைச் சத்தியங்களில் சீர்திருத்த விசுவாசத்தில் நிற்பவர்களே, ஒருபக்கச் சாய்வு மட்டும் உண்டு என்று அதே சினாட் பதிவுசெய்திருந்தது. அவ்வளவு சொன்ன பிறகு, ‘கிளாஸிஸ்’ எனப்படும் வட்டார மன்றங்கள் மூன்று தீர்மானங்களுக்கும் கட்டுப்படச் சொல்லி நெருக்கின. அடுத்த ஜனவரிக்குள் ஹூக்ஸெமா, டான்ஹாஃப், ஜார்ஜ் ஓஃபாஃப் என்று மூன்று போதகர்கள் பதவி இழந்தார்கள். உடன் நின்ற மூப்பர்களுக்கும் அதே கதி. ஈஸ்டர்ன் அவென்யூவில் பெரும்பான்மைக் குடும்பங்கள் ஹூக்ஸெமாவோடு போயின. வழக்கு மிச்சிகன் உச்ச நீதிமன்றம் வரை போய், ஆலயக் கட்டடம் தங்கிவிட்ட சிறுபான்மைக்குக் கிடைத்தது. விசுவாசத்தில் குறையில்லை என்று சினாட்டே எழுதிவைத்த போதகரைப் பிரசங்க பீடத்திலிருந்து இறக்குவதற்கு எந்த வேதவசனத்தைக் காட்டுவார்கள்?

வெளியே போனவர்கள் அமைத்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபைகள் 1953இல் தாமே உடைந்தன. ஹூக்ஸெமாவின் சொந்தச் சபையிலேயே உடன் போதகர் ஹூபர்ட் டி வுல்ஃப், நீங்கள் விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவீர்கள் என்று தேவன் உங்கள் ஒவ்வொருவருக்கும் வாக்களிக்கிறார் என்று பிரசங்கித்திருந்தார். ‘ஒவ்வொருவருக்கும்’ என்பதும் ‘விசுவாசித்தால்’ என்ற நிபந்தனையும் குற்றமாயின. பாதிக்கும் மேற்பட்டோர் பிரிந்தார்கள். அவர்களில் பலர் 1961இல் பழைய சபையோடு சேர்ந்துகொண்டார்கள். ஹூக்ஸெமாவோடு நின்றவர்கள் கலமசூவின் மூன்று தீர்மானங்களையும் இன்றுவரை மறுத்துக்கொண்டு தனிச் சபையாகவே இருக்கிறார்கள்.