மூன்று பூனைக்கும் ஒரே கொரோனா, ஒன்றுக்கு மட்டும் எஃப்.ஐ.பி. வந்தது எப்படி?

வீட்டில் மூன்று பூனைகள், மூன்றுக்கும் பூனைக் கொரோனா எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) 'பாசிட்டிவ்', அதில் சின்னதுக்கு மட்டும் எஃப்.ஐ.பி. (கொரோனா முற்றிப் பூனையின் உயிரைப் பறிக்கும் நோய்) என்று டாக்டர் சொல்லிவிட்டார், மற்ற இரண்டையும் பிரித்து வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இதே நிலையில் 2016-ல் நின்றவன், அவ்வளவுதான்.

எங்கள் குட்டிக்கு அப்போது ஒன்பது மாதம். வயிறு உருண்டிருந்ததைப் பார்த்து, நன்றாகத் தின்று தொந்தி போடுகிறான் என்று சிரித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் தூக்கியபோது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக விரலில் தட்டியது. டாக்டர் வயிற்றில் ஊசி போட்டு இழுத்தார். வைக்கோல் நிறத்தில், முட்டையின் வெள்ளைக்கருபோல இழுபடும் நீர். ஒரு குழாயில் தண்ணீர் எடுத்து அசெட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, அதன்மேல் இந்த நீரில் ஒரு சொட்டு விட்டார். அது கரையவில்லை. வெள்ளையாகத் திரண்டு வாலோடு மெல்ல அடியில் இறங்கியது. ரிவால்டா சோதனை என்பார்கள். அது மட்டுமே எஃப்.ஐ.பி.யை உறுதி செய்துவிடாது, ஆனால் டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"யாரிடமிருந்து ஒட்டியது?" என்றுதான் முதலில் கேட்டேன். கேள்வியே தவறு. பூனைக் கொரோனா ஒரு குடல் வைரஸ். மலத்தின் வழியாக, மணல் தட்டு வழியாகப் பரவும். பல பூனைகள் சேர்ந்து வாழும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருக்கும். மிஞ்சிப் போனால் இரண்டு நாள் பேதி, பலவற்றுக்கு அதுவும் இல்லை. எஃப்.ஐ.பி. வைரஸ் இப்படி வெளியிலிருந்து வருவதில்லை. அந்தப் பூனையின் உடம்புக்குள்ளேயே இந்தச் சாதுவிலிருந்து உருவாகிறது.

இந்த வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 29,000 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. படியெடுக்கும்போது எழுத்துப் பிழை விழுந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பிழைகள் வீண். எப்போதாவது ஒன்று, வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஸ்பைக் புரதத்தில் விழுந்து, குடல் செல்லுக்கான சாவியை வேறு பூட்டுக்கு ஏற்றதாக்கிவிடுகிறது. அந்தப் பூட்டு எது தெரியுமா? மேக்ரோஃபேஜ். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய காவல் செல். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்தச் செல்லுக்குள் நன்றாகப் பெருகப் பழகிய வைரஸ், அதிலேயே ஏறி உடம்பு முழுக்கப் பயணம் போகிறது. அது தங்கும் இடங்களில் நோயெதிர்ப்பு அமைப்பு ஆவேசமாகத் தாக்க, சிறு ரத்தக்குழாய்கள் அழன்று கசிகின்றன. நாங்கள் தொந்தி என்று நினைத்தது அந்தக் கசிவைத்தான். நீர் கோக்காத உலர்வகையும் உண்டு. அதில் கண், மூளை, சிறுநீரகம் என்று எங்கும் முடிச்சுகள் விழும். கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

உங்கள் கேள்விக்கான விடை 3சி என்ற மரபணுவில் இருக்கிறது. குடலில் பெருக வைரஸுக்கு அது வேண்டும். எஃப்.ஐ.பி. வைரஸ்கள் பலவற்றில் அது உடைந்து கிடக்கிறது. அதாவது ரத்தத்துக்குள் குடியேறியது பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடிவதில்லை, அதனால் மலத்தில் வெளியேறிப் பரவுவதும் அரிது. ஒரே வீட்டுச் சகோதரப் பூனைகள் இரண்டுக்கு எஃப்.ஐ.பி. வந்தால்கூட, 3சி உடைந்த இடம் இரண்டிலும் வேறாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். தனித்தனியாக நடந்த விபத்து என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஒரு விதிவிலக்கு: 2023-ல் சைப்ரஸில் நாய்க் கொரோனாவோடு கலந்த ஒரு வகை பூனைக்குப் பூனை நேராகவே பரவி ஏராளமானவற்றைக் கொன்றது.

ஆகவே மற்ற இரண்டையும் இப்போது பிரித்துப் பயனில்லை. சாதாரண வைரஸ் அவற்றுக்கு முன்பே வந்துவிட்டது. எதிர்ப்பொருள் 'பாசிட்டிவ்' என்பதும் அதற்குமேல் எதையும் சொல்லாது. பூனைக்கு ஒன்றுக்குக் குறையாமல் மணல் தட்டு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள், தினமும் அள்ளுங்கள். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த இரண்டுக்கும் எதுவும் வரவில்லை.

குட்டி பதினோரு நாளில் போய்விட்டான். அப்போது மருந்து இல்லை. 2019-ல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் நீல்ஸ் பெடர்சன் குழு 31 பூனைகளுக்கு ஜி.எஸ்.-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில் 25 பிழைத்து நெடுநாள் வாழ்ந்தன. கோவிட் காலத்தில் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் உடம்புக்குள் போய் இதுவாகத்தான் மாறுகிறது. மருந்து கொடுக்கும் வழக்கமான காலம் 84 நாள். இன்றைக்கே டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். மருந்து தொடங்கினால் வாராவாரம் எடை போடுங்கள், ஏனென்றால் அளவு எடைக்கு ஏற்றது. பூனை தேறத் தேற மருந்தையும் கூட்ட வேண்டியிருக்கும்.