வீட்டு அலங்காரத்துக்கு பைன் கோனை (பைன் மரத்தின் செதில் செதிலான காய்) காசு கொடுத்து வாங்க வேண்டுமா, கீழே கிடப்பதைப் பொறுக்கினால் போதாதா?

தாராளமாகப் போதும். அமெரிக்காவில் இது உங்களுக்கு முதல் அக்டோபர் என்று வைத்துக்கொள்கிறேன். பக்கத்து வீடுகளில் பூசணிக்காய், வைக்கோல் கட்டு, கதவில் அலங்கார வளையம் எல்லாம் வந்திருக்கும். நம் வாசல் மட்டும் மொட்டையாக நிற்கிறதே என்று உறுத்தியிருக்கும். பலசரக்குக் கடைக்குப் போனால் நுழைகிற இடத்திலேயே பட்டை வாசனை ஏற்றிய பைன் கோனை வலைப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். அதை மட்டும் வாங்காதீர்கள். காரில் வைத்து வீடு வந்து சேர்வதற்குள் எனக்குத் தலைவலி பிடித்துக்கொள்ளும்.

நான் இருப்பது வட கரோலினாவில், கேரி பக்கம். இந்த மாநிலத்தின் மரமே பைன்தான், 1963-இலிருந்து. எங்கள் தெருவில் நிற்பவை பெரும்பாலும் லாப்லாலி பைன். கோன் 3 முதல் 6 அங்குலம் வரை இருக்கும். செதிலுக்குச் செதில் நுனியில் முள். வெறுங்கையால் அள்ளினால் ரத்தம் பார்க்கும், தோட்டக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் சதர்ன் பைன்ஸ் என்ற ஊர் வட்டாரத்து லாங்லீஃப் பைன், 10 அங்குலம் வரைகூட வரும். உங்கள் முற்றத்தில் மரம் இல்லையா, அடுத்த வீட்டில் கேளுங்கள். வாரித் தள்ளும் வேலை மிச்சம் என்று அவர்களே பை கொடுப்பார்கள். நேஷனல் பார்க்கில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே பொதுவாக எதையும் எடுத்துவரக் கூடாது.

பொறுக்கியதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உள்ளே எறும்பும் சிலந்தியும் குடியிருக்கும். நன்றாக உதறி, பழைய பல் துலக்கியால் மண்ணைத் தட்டி, ஃபாயில் விரித்த தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் வையுங்கள். அடுப்படியை விட்டு நகராதீர்கள், பிசின் தீப்பிடிக்கக்கூடியது. கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்னதாகச் சடசடவென்று சத்தம் வரும். மூடியிருந்த செதில்கள் விரிகிற சத்தம் அது. வெள்ளைப் பொருக்காக இருந்த பிசின் உருகி, வார்னிஷ் அடித்தது போல மெல்லிய பளபளப்பாக ஆறும். கையில் ஒட்டிய பிசினுக்கு சோப்பு போட்டுப் பிரயோஜனமில்லை. தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

நான் முதலில் இதைச் செய்தபோது மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "வெந்நீர் அடுப்புக்கு நல்லா எரியும்டி, அதைப் போய் ஹாலில் வைக்கிறியா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வருடம் கொலுவுக்குப் பூங்கா அமைக்க ஒன்றும் கையில் இல்லை. கோனை அகலமான பக்கம் கீழே வரும்படி நிறுத்தினால் தானாகவே நிற்கும். நுனிகளில் பச்சை அக்ரிலிக் பெயின்ட் தொட்டு வைத்தால் மரம்தான். நடுவில் கேழ்வரகு முளை போட்டுப் புல்தரை, ஓரத்தில் செட்டியார் கடை. இரவு முளைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தோம்; காலையில் பார்த்தால் புல்தரைப் பக்கத்து மரங்கள் மட்டும் இறுகி மூடிக்கொண்டு நின்றன. செதிலின் வெளிப்பக்கம் ஈரத்தில் அதிகமாக உப்பும், அதனால் செதில் உள்ளே வளையும். காய்ந்தால் திரும்ப விரியும். மழையில் விதை நனையாமல் இருக்க மரம் வைத்திருக்கிற ஏற்பாடு. மாமியார் அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் பொம்மையை விட்டுவிட்டு அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

"பண்பாட்டை விட்டுவிட்டு வெள்ளைக்காரனைப் பார்த்து ஆடுகிறார்கள்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். கொலு முடிந்ததும் அதே கோன்கள்தான் தீபாவளிக்குக் கோலத்தைச் சுற்றி (விளக்கிலிருந்து நன்றாகத் தள்ளி), தேங்க்ஸ்கிவிங்குக்கு மேசை நடுவில், டிசம்பரில் வெள்ளை பெயின்ட் தொட்டு ஜன்னலில். இதில் எந்தப் பண்பாடு குறைந்துவிட்டது? கஞ்சத்தனம் என்றால் அது வேறு, ஒப்புக்கொள்கிறேன்.

கஞ்சத்தனம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு வருடம் தாம்பூலத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு, பொன் நிறம் பூசி நாடா கட்டிய பைன் கோன் ஒன்றும் வைத்துக் கொடுத்தேன். பைக்குள் பார்த்த ஒரு பெண்மணி, "ரிட்டர்ன் கிஃப்ட் இனிமேல்தான் தருவீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சுண்டலை நீட்டினேன், வேறென்ன செய்ய. இந்த ரிட்டர்ன் கிஃப்ட் விஷயம் எப்போது இப்படி ஆயிற்று? தேங்காயும் ரவிக்கைத் துணியும் கொடுத்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் டப்பா, யாரும் ஏற்றாத விளக்கு, போன வருடம் நான் கொடுத்ததே சுற்றித் திரும்பி என்னிடம் வருகிறது. வீட்டுக்கு வீடு போட்டி. வீட்டுக்குள்ளேயே வராமல் வாசலில் பையை வாங்கிக்கொண்டு அடுத்த கொலுவுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. இதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேட்டால் நீளமாக எழுதக் காத்திருக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதவு வளையம் செய்யப் போகிறீர்கள் என்றால் சூட்டுப் பசையை மட்டும் நம்ப வேண்டாம், வெயில் நேராக விழுகிற கதவில் அது இளகி கோன் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். பூ கட்டும் மெல்லிய கம்பியை அடிச்செதில்களுக்கு இடையே ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கி, கொடியால் பின்னிய வளையத்தில் கட்டுங்கள். ஜனவரியில் கழற்றியதை அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். மாமியார் சொன்ன யோசனை வெந்நீர் அடுப்புக்குச் சரி, வீட்டு ஃபயர்பிளேஸில் கோனைக் குவித்துப் போடாதீர்கள், பிசின் புகை புகைபோக்கியில் படியும்.