மெஸ் சமையலில் வீட்டு ருசி: வாசகர் கேள்வி – பதில்

காவிரிப் பாசன ஊர்களில் சிறிய அளவில் மெஸ் நடத்துகிறவர்களும் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

மன்னார்குடி வாசகி: வீட்டுக் கூடத்திலேயே இலை போட்டு, மதியச் சாப்பாடு மட்டும் தரலாம் என்று இருக்கிறோம். 40 பேருக்கு எவ்வளவு உலை வைக்க வேண்டும்?

அளவில்லாச் சாப்பாடு என்றால் தலைக்கு 150 கிராம் அரிசி, ஆக 6 கிலோ. வயல் வேலை, லோடு வேலை முடித்து வருகிறவர்கள் அதிகம் என்றால் தலைக்கு 200 கிராம் போட்டு 8 கிலோவாக வைத்துக்கொள்ளுங்கள். நெய்யோடு பரிமாறும் பருப்புக்கும் சாம்பாருக்கும் சேர்த்துத் துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ. சாம்பார் 6 லிட்டர், வத்தக்குழம்பு இரண்டரை லிட்டர், ரசம் 5 லிட்டர் இருந்தால் தட்டுப்பாடு வராது. பொரியலுக்கும் கூட்டுக்கும் நறுக்கிய காய் தலா 3 கிலோ. வாழைத்தண்டு, வாழைப்பூ என்றால் மட்டையும் மடலும் நாரும் போய் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதை நினைவில் வைத்து வாங்குங்கள். மோருக்கு 4 லிட்டர் பால் தோய்த்தால் போதும்.

அளவைவிட முக்கியமானது நேரம். 6 கிலோவையும் ஒரே உலையில் கொட்டாதீர்கள். 4 கிலோ பன்னிரண்டு மணிக்கு இறங்கட்டும், மீதி 2 கிலோ ஒன்றேகால் மணிக்கு. பொரியலையும் இப்படியே இரண்டு ஈடாகத் தாளியுங்கள். குழம்பும் ரசமும் காத்திருக்கும், சாதமும் பொரியலும் காத்திருக்காது. இரண்டு மணிக்கு வருகிறவர் இலையிலும் சாதத்தில் ஆவி பறந்தால்தான் அது வீட்டுச் சாப்பாடு. எத்தனை மசாலா கூட்டினாலும் ஆறிப்போன சாதத்தைத் தேற்ற முடியாது.

மயிலாடுதுறை வாசகர்: வீட்டில் ஐந்து பேருக்கு வைக்கும்போது வத்தக்குழம்பு அருமையாக வருகிறது. மெஸ்ஸில் 40 பேருக்கு வைத்தால் நீர்த்துப்போகிறது, சில நாள் கசக்கிறது. ஏன்?

ஐந்து பேர் அளவை அப்படியே எட்டால் பெருக்கியிருப்பீர்கள். பிசகு அங்கேதான். சின்னச் சட்டியில் கொதிக்கும்போது புளித்தண்ணீரில் பாதி வற்றிவிடும். பெரிய பாத்திரத்தில் அதே நேரத்துக்குள் கால்வாசிகூட வற்றாது. நீர்த்துப்போனதைப் பார்த்து அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும், ருசி கூழாகிவிடும். தண்ணீரை முதலிலேயே குறைத்துவிடுவதுதான் வழி.

40 பேருக்குப் பழைய புளி 200 கிராம், கரைசல் மூன்றேகால் லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வாய் அகன்ற பாத்திரமாக இருக்கட்டும். ஈயம் பூசாத பித்தளை வேண்டவே வேண்டாம், புளி பட்டால் களிம்பு இறங்கும். நல்லெண்ணெய் 250 மில்லி காய்ந்ததும் கடுகு, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, 2 டீஸ்பூன் வெந்தயம். வெந்தயம் பொன்னிறமானதும் உரித்த சின்ன வெங்காயம் அரை கிலோவையும் பூண்டு 150 கிராமையும் கொட்டுங்கள். எண்ணெயின் சூடு தணியும். அந்த நேரத்தில் கறிவேப்பிலையைத் தேடிக்கொண்டு நின்றால் வெந்தயம் கறுத்துவிடும். உங்கள் கசப்புக்கு முதல் காரணம் இதுவாக இருக்கலாம். வெங்காயம் வதங்கியதும் அடுப்பைத் தணித்து 75 கிராம் சாம்பார்ப்பொடி போட்டு அரை நிமிடம் பிரட்டி, கரைசலை ஊற்றுங்கள்.

முதலில் நுரை நுரையாகப் பொங்கும். வற்ற வற்ற நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகி, பொளக் பொளக்கென்று வெடிக்கும். கரண்டியால் ஓரத்தை ஒதுக்கிப் பாருங்கள்: எண்ணெய் சிவப்பாக ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பினால் பதம். சுமார் 40 நிமிடம் ஆகும், அவசரப்படுத்த முடியாது.

கசப்புக்கு இரண்டாவது காரணம் வத்தல். 75 கிராம் சுண்டைக்காய் வத்தலைத் தனியே எண்ணெயில் காப்பிப்பொடி நிறத்துக்கு வறுத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். ஒன்றிரண்டு கரிந்தாலும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வத்தலிலேயே உப்பு ஏறியிருப்பதால், போட நினைத்த உப்பில் முக்கால் பங்கு மட்டும் முதலில் போடுங்கள். வத்தல் ஊறிய பிறகு ருசி பார்த்து மீதியைச் சேர்க்கலாம். இறக்கும்போது ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம்.

நீடாமங்கலம் வாசகர்: தை, மாசியில் மட்டும் சாதம் குழைந்து ஒட்டுகிறது. அதே பொன்னிதான், அதே அண்டாதான்.

சம்பா அறுவடை முடிந்து புது அரிசி கடைக்கு வரும் காலம் அது. அறுத்துச் சில வாரமே ஆன அரிசி கொதிநீரில் மாவை எளிதாக விட்டுவிடும், அதனால் பிசுபிசுக்கும். ஆறு மாதமாவது இருந்த அரிசி விறைத்துத் தண்ணீர் குடிக்கும், சாதமும் கூடுதலாகக் காணும். வாங்கும் முன் ஒரு ஆழாக்கு வடித்துப் பாருங்கள். கஞ்சி கொழகொழவென்று இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது புதுசு.

புது அரிசிதான் கிடைத்தது என்றால் ஊறவைக்க வேண்டாம். அரிசியைப் போல் ஆறு பங்கு தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே போடுங்கள். பதினைந்து நிமிடத்திலிருந்து பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் நூல் அளவு வெள்ளை தெரியும்போதே வடித்துவிடுங்கள்; மீதி வேக்காடு உள்சூட்டிலேயே ஆகிவிடும். முழுதாக வெந்த பிறகு வடித்தால் பரிமாறுவதற்குள் குழைந்துவிடும். பழசையும் புதுசையும் கலந்து உலையில் போடுவதுதான் பெரிய தப்பு. ஒன்று வேகும்போது மற்றது கரைந்திருக்கும்.

பாபநாசம் வாசகி: ஞாயிறு காலை இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா போட ஆசை. அளவு?

40 பேருக்குப் பாசிப்பருப்பு அரை கிலோ, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்றரை கிலோ. அரைக்க: தேங்காய் 2, பொட்டுக்கடலை 100 கிராம், பச்சைமிளகாய் 25, பூண்டு 20 பல், சோம்பு ஒரு டேபிள்ஸ்பூன், கசகசா 2 டேபிள்ஸ்பூன். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, பருப்பும் கிழங்கும் கொதித்த பின் அரைத்ததை ஊற்றி ஒரே கொதியில் இறக்குங்கள். மிளகாய்த்தூள் போட்டால் அது குருமா ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். நேரம் ஆக ஆகக் கெட்டியாகும். வெந்நீர் விட்டு இளக்குங்கள், பச்சைத் தண்ணீர் ஆகாது.

திருத்துறைப்பூண்டி வாசகர்: பதினொரு மணிக்கு இறக்கிய சாம்பார் மூன்று மணிக்கே ஊசிப்போகிறது.

வெதுவெதுப்பாக மூடி வைத்திருப்பீர்கள். ஆவி மூடியில் வியர்த்துச் சொட்டும், கிருமிக்கு அந்த இளஞ்சூடுதான் பிடிக்கும். 60 டிகிரிக்குக் குறையாமல் சிறு தீயில் வையுங்கள், அல்லது இரண்டு பாத்திரமாகப் பிரித்து ஒன்றைத் தேவைப்படும்போது கொதிக்கவிட்டு எடுங்கள். சாதக்கரண்டியைச் சாம்பாரில் விடக்கூடாது. நீர்க்கவைக்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கெடுக்கும். காலைச் சாம்பாரின் மிச்சத்தை மதியத்ததில் கலந்தால் இரண்டும் போச்சு.

திருவையாறு வாசகி: பார்சல் கட்டும்போது வாழை இலை கிழிகிறது. செய்தித்தாளில் சுற்றலாமா?

செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. இலையின் பின்பக்க நடுத்தண்டைக் கத்தியால் மெல்லச் சீவிவிட்டு, தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து இழுங்கள். வெளிர்பச்சை கரும்பச்சையாக மாறி, மேலே எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். அப்படி வாட்டிய இலை துணிபோல மடியும். ஆவி போக சாதத்தை இரண்டு நிமிடம் ஆறவிட்டு வைத்து மடியுங்கள். குழம்பும் ரசமும் இலையில் நிற்காது, அவற்றைத் தூக்கில் கொடுங்கள். தூக்கை வாடிக்கையாளரையே கொண்டுவரச் சொல்லலாம்.