கபிரா விரிகுடாவில் கடல் ஏறும்வரை இருங்கள்

கேள்வி: ஜப்பானின் இஷிகாகி தீவில் உள்ள கபிரா விரிகுடாவில் நீந்தக் கூடாதாமே? அப்படியிருந்தும் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் போகலாம். ஆனால் பேருந்திலிருந்து இறங்கி, நாலு படம் எடுத்து, அடுத்த பேருந்தைப் பிடித்துத் திரும்புவதாக இருந்தால் வேண்டாம். கபிராவுக்குக் குறைந்தது அரை நாளாவது ஒதுக்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஒரு ஏப்ரலில் அம்மா வந்திருந்தபோது இஷிகாகிக்குக் கூட்டிப்போனேன். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து நேரடி விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். டோக்கியோ கிட்டத்தட்ட 1,950 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, தைவானோ 270 கிலோமீட்டர்தான். கடக ரேகைக்கு ஒரே ஒரு பாகை வடக்கே இருக்கும் தீவு என்பதால் ஏப்ரலிலேயே வெயில் நன்றாக உறைத்தது.

துறைமுகத்தை ஒட்டிய நகரப் பகுதியிலிருந்து கபிராவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியெல்லாம் கரும்பும் அன்னாசியும். மேற்குக் கரையோரம் போனால் நகுரா அம்பாரு சதுப்பு நிலம் வரும், 2005இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அலையாத்திக் காடு அது. கார் வைத்திருந்தால் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள். பேருந்துகள் நாளுக்குச் சிலதான், திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் காலை ஒன்பது மணிக்கே கபிரா பூங்காவின் மேட்டுக்குப் போய்விட்டோம். மேகமூட்டம். கடல் வற்றியிருந்தது. கரையோரம் மணல் திட்டுகள், அதற்கப்பால் மங்கலான சாம்பல் பச்சை. "இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?" என்றார் அம்மா. எனக்கு மனசு சுருங்கிவிட்டது.

சரி, வந்தது வந்தோம் என்று அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறினோம். அரை மணி நேரப் பயணம். காலுக்கடியில் பவளப்பாறைகள் நகர்ந்து போவதையும், கடல் சாமந்திகளுக்குள் ஒளியும் கோமாளி மீன்களையும், பாறை இடுக்கில் வாய் திறந்து கிடந்த பெரிய சிப்பிகளையும் அம்மா குனிந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தார்.

படகை விட்டு இறங்கும்போது மேகம் கலைந்திருந்தது. மதியம் ஒரு மணிக்கு மறுபடி மேட்டில் ஏறினோம். காலையில் பார்த்த இடமா என்று இருந்தது. விரிகுடாவின் அடியில் இருப்பது பவளத்தூளும் சிப்பித்தூளும் சேர்ந்த வெண்மணல். ஆழம் குறைந்த இடத்தில் வெளிச்சம் அந்த மணலில் பட்டுத் திரும்புவதால் தண்ணீர் வெளிர்பச்சையாகத் தெரிகிறது. ஆழம் கூடக்கூட நீலம் அடர்கிறது, பவளம் இருக்கும் இடம் கருமையாகத் திட்டுத் திட்டாக நிற்கிறது. குட்டித் தீவுகளுக்கு நடுவே கடல் ஏற ஏற இந்த எல்லைகள் எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். "கரையோரம் மணல் தெரிஞ்சுதே, அது எங்கடா போச்சு?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்றரை மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

நீந்தக் கூடாது என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. உள்ளே நீரோட்டம் வலுவானது, படகுகளும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கருமுத்துச் சிப்பி வளர்ப்பதும் இந்த விரிகுடாவில்தான். நீந்த ஆசை என்றால் பக்கத்திலேயே சுகுஜி கடற்கரை இருக்கிறது, ஆழமில்லாத அமைதியான இடம். கோடையில் ஹாபு என்ற கொடிய ஜெல்லி மீன் வரும், அதனால் வலை கட்டிய பகுதிக்குள்ளேயே நீந்துங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடலில் எங்கே இறங்கினாலும் பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். இஷிகாகிக்கும் பக்கத்துத் தீவான இரியோமோத்தேவுக்கும் நடுவே உள்ள பெரிய பவளப்பரப்பு 2016 கோடையில் கடல் சூடேறியதால் மிக மோசமாக வெளுத்துப்போனது, ஏராளமான பவளம் செத்தும் போனது. மிஞ்சியதை நாம் மிதித்து உடைக்கக் கூடாது.

அப்புறம், எந்த நாளில் போவது? மே, ஜூன் மழைக்காலம், அதன்பின் புயல்கள். மற்ற மாதங்களில், நண்பகலை ஒட்டிக் கடல் ஏறியிருக்கும் நாளாகப் பாருங்கள். ஜப்பான் வானிலை முகமையின் தளத்தில் இஷிகாகியில் கடல் ஏறி வற்றும் நேர அட்டவணை கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் நம் நாள்காட்டி இருக்கிறது. இஷிகாகி வட்டாரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகலில் கடல் நன்றாக வற்றிக் கிடக்கும். அரை நிலா நாட்களில் நண்பகலில் ஏறியிருக்கும். ஊரில் அஷ்டமி, நவமியில் கிளம்பத் தயங்குவோம், கபிராவுக்கு அவைதான் நல்ல நாட்கள்.