எய்லரானை யார் விடச் சொன்னது?

வணக்கம் ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். செஸ்னா 172 சிறு விமானத்தில் ஓட்டுநர் பயிற்சி எடுத்துவருகிறேன். பக்கக்காற்றில் கிளம்பும்போது, சக்கரம் தரையை விடும் நேரத்தில் விமானம் பக்கவாட்டில் தத்துகிறது. வாலிலுள்ள ரடரைக் காலால் எவ்வளவு மிதித்தாலும் கேட்பதில்லை. கையேட்டில் பக்கக்காற்றுக்கு 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) என்று போட்டிருக்கிறது, நான் அதற்குள்தான் இருந்தேன். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) போட்டுப் பார்க்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

ஃபிளாப்புக்குக் கையேட்டிலேயே பதில் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். 15 நாட் என்பது சோதனையில் ஓட்டிக் காட்டிய அளவு. உங்கள் வரம்பைச் சொல்லவேண்டியவர் உங்கள் பயிற்றுநர். காற்றின் வேகத்தோடு கோணத்தையும் பாருங்கள்: ரன்வேக்கு 30 பாகையில் வந்தால் பாதி, 45-ல் பத்தில் ஏழு, 60-ல் பத்தில் ஒன்பது பக்கக்காற்று. புதுச்சேரி லாஸ்பேட்டை ரன்வே 07-25, அதாவது ஒரு முனையிலிருந்து ஓடினால் திசை சுமார் 70 பாகை, மறுமுனையிலிருந்து 250. மதியத்துக்குமேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறினால், 07-ல் ஓடுகிறவருக்கு வலப்பக்கம் அப்படியே அறையும். 140 பாகையிலிருந்து 12 நாட் என்றால் 11 நாட் பக்கக்காற்று.

அது கிடக்கட்டும். கடிதம் முழுக்க ரடர், ரடர் என்கிறீர்கள். எய்லரான், இறக்கை நுனியருகே ஏறி இறங்கும் அந்தத் தகடு, எங்கே தம்பி? ரடர் மூக்கை நேராக வைக்கும், அவ்வளவுதான். காற்று வரும் பக்கத்து இறக்கை எழும்புவதையும் விமானம் ஒதுங்குவதையும் தடுப்பது எய்லரான். ஓட ஆரம்பிக்கும்போதே எய்லரானை ஆட்டும் கைப்பிடியான யோக்கைக் காற்றுப் பக்கம் முழுதாகத் திருப்பி வையுங்கள். வேகம் கூடக் கூட எய்லரானுக்குப் பிடிப்பு வரும், அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தளர்த்தச் சொன்னேன், விடச் சொல்லவில்லை! மூக்கைத் தூக்கும் நொடியில் யோக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறீர்கள். உடனே இறக்கை எழும்புகிறது, விமானம் பாதி பறந்தும் பாதி உருண்டும் ஒதுங்குகிறது, திரும்பத் தரையில் இடிக்கிறது. பக்கவாட்டு இடியைத் தாங்குவதற்காகவா அந்த டயரும் சக்கரக் காலும்? காற்றுப் பக்கத்துச் சக்கரம்தான் கடைசியாகத் தரையை விடவேண்டும்.

அவசரப்பட்டு இழுப்பதும் தத்தலுக்குக் காரணம். 172எஸ் வகையில் வழக்கமாக 55 நாட்டில் தூக்குவீர்கள் என்றால், 60 வரை தரையிலேயே வைத்திருந்து ஒரே தூக்காகத் தூக்குங்கள். மேலே வந்ததும் மூக்கைக் காற்றுப் பக்கம் சற்றுத் திருப்பி, இறக்கையைச் சமமாக்கி ஏறுங்கள்.

காற்று இடப்பக்கம் என்றால் வலது கால் கூடுதலாக உழைக்கவேண்டும். திராட்டிலைக் கொடுத்து எஞ்சின் விசையைக் கூட்டினால் மூக்கு இடப்பக்கம்தான் இழுக்கும், காற்றும் அந்தப் பக்கமே திருப்பும்.

அடுத்த முறை பிரேக்கை விடும்முன் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் திரும்பிப் பாருங்கள். எய்லரான் மேலே தூக்கி நிற்கவில்லையா? திராட்டிலைத் தொடாதீர்கள்.